ரூபாய்க்கு நாலணா வலி

“பாட்டி, வலி எப்படி இருக்கு? பத்துக்கு எவ்வளவு சொல்லுவீங்க?”

காலை ஆறரை மணி. அம்மாவுக்கு ஆபரேஷன் முடிந்து பதினெட்டு மணி நேரம் ஆகியிருந்தது. பிரஷர் பார்த்து முடித்த நர்ஸ் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு பதிலுக்காக நின்றாள். அம்மா மின்விசிறியைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் யோசித்தாள்.

“ரூவாய்க்கு நாலணா இருக்கும்த்தா.”

அந்தப் பெண்ணுக்கு இருபத்திரண்டு வயதிருந்தால் அதிகம். 2011 ஜூனோடு கால் ரூபாய்க் காசு செல்லாமல் போய்விட்டது. நாலணா கொடுத்துக் கமர்கட் வாங்கித் தின்ற வயதில்லை அவளுக்கு. என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நாலணா என்றால் கால் பங்கு, பத்துக்கு இரண்டரை என்று சொன்னேன். ஷீட்டில் அரைக்கு இடமில்லை போலிருக்கிறது. 2 என்று எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

அந்த 2 எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. முந்தைய ராத்திரி முழுக்க நான் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தேன். அம்மா கட்டில் கம்பியைப் பிடிப்பதும் விடுவதுமாக இருந்தாள். வளையலைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டார்கள், அதனால் வளையல் சத்தம் இல்லை. துருப்பிடித்த கம்பி மட்டும் லேசாகக் கிறீச்சிடும். விடிய விடிய அந்தச் சத்தம். “வலிக்குதாம்மா?” என்று நாலு தடவை கேட்டிருப்பேன். நாலு தடவையும் “இல்லத்தா, நீ தூங்கு” என்றாள்.

*

அம்மாவுக்கு இருந்தது அடியிறக்கம். ஊரில் “அடி இறங்கிருச்சு” என்பார்கள், “கர்ப்பப்பை கீழ வருது” என்பார்கள். சீட்டில் டாக்டர் எழுதியது புரொலாப்ஸ், மூன்றாம் நிலை. கருப்பையையும் மூத்திரப்பையையும் மலக்குடலையும் கீழிருந்து தாங்குகிற தசையும் நாரும் தளர்ந்துவிட்டால், உள்ளே இருக்க வேண்டியது பிறப்புறுப்பு வழியாகச் சரிந்து வருகிறது. பிள்ளைப்பேறுதான் முதல் காரணம். வயது, தீட்டு நின்றபின் அந்த இடம் மெலிவது, கனம் தூக்குவது, நாள்பட்ட இருமல், மலச்சிக்கல் எல்லாம் கூடச் சேர்ந்துகொள்ளும். அம்மாவுக்கு நாலு பிரசவம், அதில் மூன்று வீட்டிலேயே. என் தம்பி பிறந்த முப்பதாம் நாள் நாற்று நடப் போய்விட்டாள் என்று அப்பத்தா சாகும்வரை பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

அபூர்வ வியாதி எல்லாம் இல்லை இது. அமெரிக்காவில் ஆரிகன் பகுதியில் எடுத்து 1997-இல் வெளியிட்ட ஒரு கணக்குப்படி, எண்பது வயதுக்குள் நூற்றுக்குப் பதினொரு பெண்கள் இதற்கோ சிறுநீர்க் கசிவுக்கோ ஆபரேஷன் மேஜையில் ஏற வேண்டி வருகிறது. அது மேஜை வரைக்கும் வந்தவர்களின் கணக்கு. வராதவர்களை யார் எண்ணினார்கள்?

அம்மா பதினாறு வருஷம் வரவில்லை. எனக்குத் தெரிந்ததே தற்செயலாக. சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்கு வேனில் போனபோது, மூன்று மணி நேரமும் ஒரு தொடையை மட்டும் அழுத்தி ஒருக்களித்து உட்கார்ந்திருந்தாள். மண்டபத்தில் கக்கூசுக்குப் போனவள் இருபது நிமிஷமாகியும் வரவில்லை. திரும்பி வந்து ஊரில் துணி காயப்போடும்போது கொடியின் கடைசியில், பாவாடைக்குப் பின்னால் மறைத்து, அப்பாவின் பழைய வேட்டியை நாலாகக் கிழித்து மடித்த துண்டுகள் தொங்கின. கேட்டேன்.

“அது ஒண்ணுமில்ல. நின்னா வரும். படுத்தா உள்ள போயிரும்.”

பதினாறு வருஷத்தை இரண்டு வரியில் முடித்துவிட்டாள்.

மதுரையில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். முதலில் சரிவதைத் தாங்கிப் பிடிக்க உள்ளே ஒரு வளையம் வைத்துப் பார்த்தார்கள். அது நிற்கவில்லை. பிறகு ஆபரேஷன் என்று முடிவானது. கீழ் வழியாகவே கருப்பையை எடுத்துவிட்டு, முன்பக்கச் சுவரையும் பின்பக்கச் சுவரையும் இழுத்துத் தைத்து, மேல் முனை மறுபடி இறங்காதபடி இடுப்புக்குள் இருக்கும் ஒரு நாரோடு சேர்த்துக் கட்டிவிடுவார்கள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“எம்புட்டு வலிக்கும்?”

“ஒண்ணும் வலிக்காதும்மா. முதுகுல ஒரு ஊசி. வயித்துல தையல்கூட இருக்காது.”

டாக்டரைக் குறை சொல்ல வரவில்லை. கை நல்ல கை, தையல் நன்றாக ஆறியது, இன்றைக்கு அம்மா சம்மணம் போட்டு உட்கார்ந்து பூ கட்டுகிறாள். ஆனால் அந்தப் பதில் சரியில்லை. மேஜைமேல் வலிக்காது என்பது உண்மை. அம்மா கேட்டது மேஜையிலிருந்து இறங்கிய பிறகு என்ன ஆகும் என்று.

*

அன்றைக்கு ராத்திரி ஃபோனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். யாருக்கு எவ்வளவு வலிக்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா? பல வருஷமாக இதைத் துருவிக்கொண்டிருக்கிறார்கள். 2009-இல் 48 ஆய்வுகளை, 23,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த ஒரு கட்டுரை இருக்கிறது. அதில் தேறியவை நாலு. ஏற்கெனவே வலியோடு வருகிறவர்களுக்குப் பின்னாலும் வலி அதிகம். பதற்றம் உள்ளவர்களுக்கும் அப்படியே. என்ன ஆபரேஷன் என்பதைப் பொறுத்து மாறும், அது சொல்லாமலே தெரியும். கடைசியாக வயது. வயதானவர்களுக்குத்தான் தாங்காது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம், கணக்கு தலைகீழாக இருக்கிறது. வயது குறைந்தவர்கள்தான் அதிக வலி சொல்கிறார்கள். அடியிறக்க ஆபரேஷனிலும் இதே போக்குதான் என்று படித்தேன். இளவயது, நாள்பட்ட இடுப்புவலி, மனச்சோர்வு இருக்கிற பெண்களை டாக்டர்கள் கொஞ்சம் கூடுதலாகக் கவனிக்கிறார்கள்.

இன்னொன்றைப் படித்தபோது முதலில் சிரிப்புதான் வந்தது. ஸ்வீடனில் பித்தப்பை ஆபரேஷனுக்கு வந்தவர்களிடம், கையில் ட்ரிப்ஸ் ஊசி ஏற்றும்போது எவ்வளவு வலித்தது என்று கேட்டுக் குறித்து வைத்தார்களாம். அந்தச் சின்னக் குத்துக்கு அதிகமாகச் சொன்னவர்கள், ஆபரேஷனுக்குப் பிறகும் அதிகமாகச் சொன்னார்கள். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். வட கரோலினாவில் இன்னும் எளிமை. சிசேரியனுக்குப் போகும் பெண்களிடம் மூன்றே கேள்வி. எவ்வளவு பதற்றமாக இருக்கிறீர்கள், எவ்வளவு வலிக்கும் என்று நினைக்கிறீர்கள், எவ்வளவு வலி மருந்து தேவைப்படும் என்று நினைக்கிறீர்கள்? இதை வைத்தே ஓரளவு கணிக்க முடிகிறது என்று 2013-இல் எழுதினார்கள்.

அப்புறம் ஒரு கேள்வித்தாள். மைக்கேல் சல்லிவன் என்ற உளவியலாளரும் கூட இருந்தவர்களும் 1995-இல் தயாரித்தது. வலி வந்தால் மனசு எப்படி ஓடுகிறது என்று 13 வாக்கியங்கள், மொத்தம் 52 மார்க். வலியையே நினைத்துக்கொண்டிருப்பது, இது தீராது என்று நினைப்பது, இனி என்னால் ஆகாது என்று உட்கார்ந்துவிடுவது, இதையெல்லாம் அளக்கிறது. மார்க் கூடினால் வலியும் கூடும். இந்தக் குணத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் நீளமான பெயருக்கு நம் வீட்டில் ஏற்கெனவே சொல் இருக்கிறது: பெருசு பண்றது. “பெருசு பண்ணாதடி” என்பதைக் கேட்காமல் வளர்ந்த பெண் நம் பக்கம் உண்டா? அந்தப் பெயர் நோயாளியைக் குற்றம் சொல்வதுபோல இருக்கிறது, மாற்ற வேண்டும் என்று அங்கேயும் இப்போது பேசுகிறார்களாம். பேசட்டும்.

இவ்வளவையும் அம்மாமீது பரீட்சித்துப் பார்த்தேன். டீச்சர் புத்தி.

ஆபரேஷனுக்கு முந்தைய சாயங்காலம் ஊசி ஏற்ற வந்தவருக்கு நரம்பு சிக்கவில்லை. வலது கையில் இரண்டு குத்து, இடது கையில் ஒன்று. அம்மா சுவரில் இருந்த முருகன் படக் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “வலிச்சுச்சா?” “எறும்பு கடிச்ச மாதிரி.” பயமா இருக்கா? “பயந்து என்ன பண்ண?” நாளைக்கு எவ்வளவு வலிக்கும்னு நினைக்கிற? அதற்கு மட்டும் சிரித்தாள். “உங்க நாலு பேரப் பெத்தத விடவா?” பெருசு பண்ணும் தாளில் பத்து மார்க்குகூடத் தேறாது. வயது அறுபத்து நாலு. எந்தப் பக்கம் திருப்பிப் போட்டாலும் கணக்கு ஒன்றைத்தான் சொன்னது: இந்த அம்மாவுக்கு வலி குறைவாக இருக்கும்.

மறுநாள் நர்ஸ் எழுதியதும் 2. கணிப்பு பலித்துவிட்டது. கட்டில் கம்பியைத் தவிர.

*

இதை யோசித்துப் பார்த்தால் ஒன்று புரிகிறது. ஊசி குத்தும்போது “எறும்பு கடிச்ச மாதிரி” என்று சொன்ன அதே வாய்தான் மறுநாள் “நாலணா” என்று சொல்கிறது. ஒரு சோற்றைப் பதம் பார்க்கிறோம் என்று நினைத்து, அந்த வாயின் பழக்கத்தைத்தான் பதம் பார்த்திருக்கிறோம். முதல் எண்ணும் இரண்டாம் எண்ணும் ஒத்துப்போவதில் என்ன அதிசயம்? இரண்டும் ஒரே ஆள் போட்ட மார்க். என் வகுப்பில் இரண்டு பரீட்சைக்கும் ஒரே பையனே தன் தாளைத் திருத்தினால் மார்க் ஒத்துத்தான் போகும்.

நான் அந்த ஆய்வுகளை மட்டம் தட்டவில்லை. நிஜமாகவே வலிமானி கிடையாது, கேட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் வலியைப் பற்றி ஆராய்கிறவர்களின் சர்வதேசச் சங்கம் 2020-இல் வலிக்கு வரையறையைத் திருத்தியபோது கூடவே ஒரு குறிப்பு சேர்த்தது: வாயால் சொல்வது என்பது வலியைக் காட்டும் பல வழிகளில் ஒன்று மட்டும்தான். அதைப் படித்தபோது அந்தக் கிறீச் சத்தம் காதில் கேட்டது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஹென்றி பீச்சர் என்ற அமெரிக்க மயக்க மருத்துவர் இரண்டாம் உலகப் போரின்போது இத்தாலியில், ஆன்சியோ கடற்கரையில் பலத்த காயத்தோடு வந்த சிப்பாய்களைக் கவனித்து 1946-இல் எழுதினார். வலிக்கு மருந்து வேண்டுமா என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் வேண்டாம் என்றார்களாம். அந்தக் காயம் அவர்களுக்குப் போர்க்களத்திலிருந்து வீட்டுக்குப் போக டிக்கெட். அம்மாவுக்கும் அப்படி இருந்திருக்கலாம். பதினாறு வருஷம் வேட்டித் துண்டோடு அலைந்தவளுக்கு அந்தத் தையல் ஒரு விடுதலை. அதனால் நாலணா என்றது முழுப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: 2 என்ற எண்ணுக்குள் இதில் எதுவும் இல்லை.

பக்கத்துக் கட்டில் அக்கா வேறு மாதிரி. முதல் நாள் ஒன்பது என்றார், மூன்றாம் நாள் எழுந்து நடந்துகொண்டே ஒன்பது என்றார். நர்ஸ் குழம்பி விசாரித்தபோதுதான் தெரிந்தது, குணமானதுக்கு மார்க் போட்டிருக்கிறார்.

எண் வேண்டாம் என்று ஒரு நாள் முக அட்டையைக் கொண்டுவந்து காட்டினாள் அந்த நர்ஸ். சிரித்த முகத்தில் தொடங்கி அழுகிற முகம் வரை ஆறு வட்டங்கள். டோனா வோங், கோனி பேக்கர் என்ற இரண்டு பெண்கள் 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஓக்லஹோமாவில் குழந்தைகளுக்காக உருவாக்கியது. அம்மா கடைசி முகத்தைத் தொட்டுக் காட்டிக் கேட்டாள், “அழுதாத்தான் வலியா?” இதே சந்தேகம் அவர்களுக்கும் வந்திருக்கிறது. உச்ச வலி இருக்க அழுதுதான் ஆக வேண்டும் என்றில்லை என்று அட்டையோடு படிக்கவேண்டிய குறிப்பில் எழுதியிருக்கிறார்கள். எங்கள் வார்டு அட்டையில் முகங்கள் மட்டும்தான் வந்து சேர்ந்திருந்தன.

*

இரண்டாம் நாள் பதினொரு மணிக்குத் துணி எடுத்தார்கள். ஆபரேஷன் முடிந்ததும் ரத்தம் கசியாமல் இருக்க, மருந்தில் நனைத்த நீளமான கட்டுத்துணியை உள்ளே அடைத்து வைப்பார்கள். மறுநாள் உருவி எடுப்பார்கள். இது வழக்கம். அம்மாவுக்கு அப்படி ஒன்று உள்ளே இருப்பதே தெரியாது. திரைக்குப் பின்னால் “அம்மா” என்று ஒரே ஒரு சத்தம். வெளியே வந்ததும், “கொடலையே உருவுறாங்களோன்னு நெனச்சேன்த்தா” என்றாள். உருவுவது ஒரு நிமிஷம்கூட இருக்காது. குடல் என்று நினைத்த அந்த ஒரு நிமிஷத்துக்கு எந்த ஷீட்டிலும் கட்டம் இல்லை.

மூத்திரக் குழாயும் அப்படித்தான். “ஒண்ணுக்கு வருது வருதுன்னே இருக்கு, ஆனா வரல.” இது வலியா என்று கேட்டால் இல்லை என்பாள். தூங்க விட்டதா என்றால் விடவில்லை.

அன்றைக்கு ராத்திரி இரண்டு மணிக்கு என்னைத் தொட்டு எழுப்பினாள். அம்மா என்னை எழுப்பினாள் என்பதே எனக்குப் பதறிவிட்டது.

“வலது பக்கச் சப்பை கடுக்குதுத்தா. எம் முதுகுல போட்ட ஊசி நரம்புல பட்டுருச்சு. காலு வெளங்காமப் போயிரும் போல.”

எப்போதிருந்து என்று கேட்டேன். முதல் நாள் ராத்திரியிலிருந்தாம். அப்படியானால் அந்தக் கிறீச் சத்தம் இதற்குத்தான். ஏன் காலையில் சொல்லவில்லை? “அவுக ஆபரேசன் பண்ண எடத்துலல்ல கேட்டாக.”

பணியில் இருந்த இளம் டாக்டரைக் கூட்டிவந்தேன். தூக்கக் கலக்கத்தோடு வந்த பெண், விஷயத்தைக் கேட்டதும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ஷீட்டின் பின்பக்கத்தில் படம் போட ஆரம்பித்தாள். இது இடுப்பெலும்பு. உள்பக்கமாக முள் மாதிரி ஒரு முனை நீட்டிக்கொண்டிருக்கும். அதிலிருந்து முதுகின் அடியெலும்புக்கு ஒரு நார் ஓடுகிறது. மேல் முனையை அந்த நாரில்தான் கட்டியிருக்கிறோம், முள்ளிலிருந்து இரண்டு விரல் தள்ளி, வலது பக்கம். முள்ளை ஒட்டிப் பின்னால் பெரிய நரம்பு போகும், அதைத் தொடக்கூடாது என்றுதான் தள்ளிப் போடுவது. ஆனால் நாரைச் சுற்றிக் குட்டி நரம்புகள் இருக்கும். முடிச்சு இறுகும்போது அவை முனகும். அதுதான் புட்டத்தில் தெரிகிறது.

“கால் வரைக்கும் ஷாக் அடிக்கிற மாதிரி சுளீர்னு எறங்குதா பாட்டி?”

“இல்ல.”

“கால் மரத்துப்போகுதா? கட்டைவிரல ஆட்டுங்க. ம். அப்போ ஒண்ணும் பயமில்ல. சுளீர்னு கால்ல எறங்கினா உடனே சொல்லணும், சில சமயம் அந்தத் தையலப் பிரிக்க வேண்டியிருக்கும். இது அது இல்ல. நாலுலேருந்து ஆறு வாரத்துல போயிரும்.”

ஒரு ஊசி போட்டுவிட்டுப் போனாள். மருந்து வேலை செய்ய நேரம் பிடிக்கும் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். ஆனால் அம்மா அவள் கதவைச் சாத்தும் முன்பே கண்ணை மூடிவிட்டாள். காலை ஏழு வரை அசையவில்லை.

அந்தப் புட்ட வலி ஐந்து வாரம் இருந்தது. எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தானாம் இது. 2014-இல் வெளியான அமெரிக்கப் பரிசோதனை ஒன்றில் 374 பெண்களுக்கு இரண்டு விதமாகக் கட்டிப் பார்த்தார்கள். அம்மாவுக்குச் செய்த முறையில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு மருத்துவம் பார்க்கிற அளவுக்கு நரம்பு வலி வந்தது, இன்னொரு முறையில் ஏழு பேருக்கு. ஆக, அம்மாவின் வயதையும் பயத்தையும் ஊசிக்குத்தையும் வைத்து நான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, வலி எங்கே வரும் என்பது தையல் போடும் இடத்தில் முன்பே எழுதியிருந்தது.

இதே மாதிரி இன்னும் உண்டு. பிறப்புறுப்பின் மேல்பகுதிக்கு வரும் நரம்புகள் குடலுக்கு வருவதுபோன்ற வகை. வெட்டினால் அவ்வளவாகத் தெரியாது, இழுத்தால் தெரியும், அதுவும் எங்கே என்று சொல்லமுடியாமல் ஒரு பாரமாக. வாசலை ஒட்டிய பகுதிக்கும் பின்பக்கத் தசைக்கும் வரும் நரம்பு தோலுக்கு வருவதைப் போன்றது, ஊசிமுனை பட்டாலும் இடம் சொல்லும். அதனால் முன்சுவர்த் தையலைவிடப் பின்சுவரும் வாசலும் தைத்தவர்களுக்குத்தான் உட்கார்ந்தால் சுருக்கென்று இருக்கிறது. மலச்சிக்கல் வந்தால் கேட்கவே வேண்டாம். மூன்றாம் நாள் முதல் தடவை வெளிக்குப் போனதை அம்மா ஒரு பிரசவமாகவே எண்ணிக்கொள்கிறாள், ஐந்தாவது.

*

கனடாவில் ரொனால்ட் மெல்சாக் என்ற ஆராய்ச்சியாளர் நோயாளிகள் வலியைச் சொல்லும் சொற்களைச் சேகரித்து 1975-இல் ஒரு கேள்வித்தாள் வெளியிட்டார். 78 சொற்கள், 20 குவியல். எவ்வளவு என்பதை விட்டுவிட்டு எப்படி என்று கேட்கிற தாள் அது. அதைப் பார்த்தபோது எனக்குப் பொறாமைகூட வரவில்லை. அம்மா ஆறு வாரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தபடி அதில் பாதியைத் தாண்டியிருப்பாள்.

சப்பையில் கடுப்பு. தையலில் சுருக். மூத்திரம் போகையில் எரிச்சல், அப்புறம் சிவ்வென்று ஒரு இழுப்பு. அடிவயிற்றில் உளைச்சல், பிசைகிற மாதிரி. ஊசி போட்ட முதுகில் குடைச்சல். தலையில் விண் விண். நெடுநேரம் நின்றால் கீழே கனம், ஆனால் பழைய கனம் இல்லை, “இது வேற கனம்”. இந்த ஒவ்வொரு சொல்லும் ஒரு டாக்டருக்கு ஒரு தடயம். எரிச்சல் என்றால் மூத்திரத்தில் கிருமி இருக்கிறதா பார்க்கலாம். சுளீர் என்றால் நரம்பு. நாள் ஆக ஆகக் குறையாமல் விண் விண் என்று தெறித்துக் காய்ச்சலும் வந்தால் உள்ளே சீழ். கடுப்பு என்றால் பொறுத்திருக்கலாம். இத்தனையும் கையில் வைத்திருக்கிற ஒருத்தியிடம் போய்ப் பத்துக்கு எத்தனை என்று கேட்கிறோம்.

அமெரிக்காவில் இந்தக் கணிப்பு வேலைக்கு வேறு ஓர் அவசரம் உண்டு. அங்கே ஆபரேஷன் முடிந்தவர்களுக்கு அபின் வகை மாத்திரைகளை அள்ளிக் கொடுத்து, அது வீட்டில் மிஞ்சி, ஊரே அதற்கு அடிமையான கதை. அடியிறக்க ஆபரேஷனுக்குப் பிறகு கொடுத்ததில் பெரும்பகுதி பெண்கள் தொடவே இல்லை என்று கண்டுபிடித்து, யாருக்கு எத்தனை மாத்திரை என்று கணக்குப் போடுகிறார்கள். நம் கதை மறுகோடி. 1985-இல் போதைமருந்துச் சட்டம் வந்ததிலிருந்து, அபினிலிருந்து எடுக்கிற வலி மருந்தான மார்ஃபின் என்றாலே ஆஸ்பத்திரிகளுக்கு நடுக்கம். 2014-இல் திருத்தம் வந்தும் அது முழுக்கப் போகவில்லை. 2018-இல் டிரமடால் என்ற வலி மருந்தும் அந்தச் சட்டத்தின் பட்டியலில் சேர்ந்துவிட்டது. வீட்டுக்குப் போகும்போது அம்மாவுக்குக் கொடுத்தது பாராசிட்டமால். அவளுக்குப் பெரும்பாலும் அதுவே போதுமாகவும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

படித்ததிலேயே மனதில் நின்றது பழசுதான், 1964. பாஸ்டனில் லாரன்ஸ் எக்பர்ட் என்ற மயக்க மருத்துவரும் கூட இருந்தவர்களும் வயிற்று ஆபரேஷனுக்கு வந்த 97 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு வழக்கமான பேச்சு. மறு பாதியிடம் முந்தைய நாளே போய் உட்கார்ந்து, எங்கே வலிக்கும், எப்படி வலிக்கும், எவ்வளவு நாள் இருக்கும், அது தசை இறுகுவதால் வருவது, இப்படித் திரும்பினால் குறையும், தாங்கவில்லை என்றால் கேளுங்கள் என்று விளக்கினார்கள். மறுநாளிலிருந்து வார்டில் மருந்து கொடுத்தவர்களுக்கு யார் எந்தப் பாதி என்று தெரியாது. விளக்கிச் சொல்லப்பட்டவர்களுக்குத் தேவைப்பட்ட மார்ஃபின் பாதியாகக் குறைந்தது. வீட்டுக்கும் சீக்கிரம் போனார்கள்.

எனக்கு உடனே அந்த இரண்டு மணி இளம் டாக்டரும் அவள் போட்ட கோணல் படமும் ஞாபகம் வந்தன. அந்தத் தாள் இப்போதும் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் ரேஷன் கார்டுக்குக் கீழே இருக்கிறது.

*

தை மாதம் சித்திக்கு அதே ஆபரேஷன் என்று முடிவானது. அம்மாவைவிடப் பத்து வயது சின்னவள். அக்கா போய் வந்ததைப் பார்த்துத்தான் தனக்கும் இருப்பதையே வாயைத் திறந்து சொன்னாள். ஒரு நாள் சாயங்காலம் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு அவளிடம் பேசிக்கொண்டிருந்தாள். நான் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தேன்.

“கேட்டுக்க. மொத நாள் ஒண்ணும் தெரியாது, காலு ரெண்டும் கட்டையாக் கெடக்கும். சாயங்காலம் உணர்ச்சி வரும், அப்ப அடிவயிறு உளையும். கேட்டு ஊசி போட்டுக்க. மறுநாள் உள்ளேருந்து துணி உருவுவாக, அது துணிதான், கொடல் இல்ல, கொடல் இல்ல. ஒரு நிமிசம் மூச்ச நல்லா வெளிய விடு. கொழா இருக்கங்காட்டி ஒண்ணுக்கு வர்ற மாதிரியே இருக்கும், வராது. அப்பறம் வலது சப்பை. அது ஊசி பட்டதில்ல, உள்ள ஒரு நாரு இருக்கு, அதுல முடிச்சுப் போட்டிருப்பாக. அஞ்சு வாரம். மூணாம் நாள் வெளிக்குப் போறதுக்கு முந்தியே அந்தச் சிரப்பக் குடிச்சிரு.”

சித்தி எல்லாவற்றுக்கும் உம் கொட்டினாள். கடைசியில் “தாங்குமாக்கா?” என்றாள்.

“ஒனக்கு ஆறணா இருக்கும்” என்றாள் அம்மா. “நீ சின்னவ.”

வயது குறைந்தால் வலி கூடும் என்று நான் எப்போதோ சாப்பிடும்போது சொன்னது. மறக்காமல் வைத்திருக்கிறாள்.

ஆபரேஷன் முடிந்த இரண்டாம் நாள் சித்தியே ஃபோன் பண்ணிவிட்டாள். குரலில் கொஞ்சம் கோபம் இருந்தது. கடைசி நேரத்தில் அவளுக்கு முறையை மாற்றி, வயிற்றில் துவாரம் போட்டுச் செய்திருக்கிறார்கள். சப்பை வலி இல்லையாம். ஆனால் தோள்பட்டை இரண்டும் இறக்கிப் போட்டதுபோல வலிக்கிறதாம், அதை ஏன் அக்கா சொல்லவில்லை? நான் ஃபோனை வாங்கி, துவாரம் போடும்போது வயிற்றுக்குள் வாயு ஏற்றுவார்கள், அது மிச்சம் இருந்து உதரவிதானத்தை உரசினால் தோளில் தெரியும், இரண்டு மூன்று நாளில் போய்விடும், எழுந்து கொஞ்சம் நட என்று சொன்னேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

போன வாரம் எங்கள் தெருக் கோடி வீட்டுப் பெண்ணுக்கு டாக்டர் தேதி கொடுத்திருக்கிறார். ரேஷன் கடை வரிசையில் அம்மாவைப் பிடித்துக் காதோடு காதாக ஏதோ கேட்டாள். அம்மா பையைக் கீழே வைத்தாள். “மொதல்ல நீ இதச் சொல்லு. கீழ் வழியாச் செய்யிறாகளா, துவாரம் போட்டாச் செய்யிறாக? கீழ் வழின்னா சப்பை. துவாரம்னா தோள்பட்டை.”